ஏசி தண்ணீர் குடித்த மூட்டி மரம்

மூட்டிப்பழம் மூட்டுவலிக்கு நல்லது என்று முடிச்சூரில் ஐம்பது பேராவது நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நம்பிக்கையைப் பரப்பியவர் எங்கள் பக்கத்து வீட்டு சௌகத் அலி. ஏசி மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் சௌகத் பாய். போன அக்டோபரில் காலமானார்.

அந்தப் பழத்துக்கும் முழங்காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் பிறந்த கன்னியாகுமரிப் பக்கத்தில் மரத்தின் அடிப்பகுதியை மூடு என்போம். கிளையில் காய்க்காமல் மூட்டில், தரையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அது மூட்டி. மழைக்காட்டில் பெரிய மரங்களின் நிழலில் நிற்கும் சின்ன மரம். பழம் எலுமிச்சை அளவு, பழுத்தால் நல்ல சிவப்பு. தோலைப் பிளந்தால் உள்ளே கண்ணாடி போலச் சதை. முதலில் புளிக்கும், பிறகு கொஞ்சம் இனிக்கும்.

இதையெல்லாம் நான் பாயிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள், விளக்காமல் விடுவேனா. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் டீச்சர் நானும் சொல்றேன், மூட்டுக்கு நல்லது" என்றார். பிறகு மேடவாக்கத்திலிருந்து முடிச்சூர் வரை, ஏசி பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் கால்வலிக்காரர்களிடம் சொல்லிவைத்தார். இன்றைக்கும் யாராவது வந்து கேட்டைத் தட்டி, "மெட்டில்டா டீச்சர் வூடு இதானே, அந்த மூட்டுவலிப் பழம் இருக்குதா?" என்று கேட்கிறார்கள்.

பாய் பல்லாவரத்தில் பிறந்தவர். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒன்பதாவதில் படிப்பை நிறுத்திவிட்டு, பாய் தாம்பரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே இரவும் பகலும் ஓடிய கம்ப்ரசரின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தொழில் படிந்தது என்பார். அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் டாக்டர் முன்னால் நிற்பதுபோல் நிற்பார்கள். பெரும்பாலும், "ஒண்ணியும் இல்ல, தூசி அடைச்சினுகீது" என்றுதான் முடியும். வேலை இல்லாத இடத்தில் வேலை இருப்பதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரிடம் குறையும் உண்டு. "அஞ்சு நிமிஷம்" என்றால் இரண்டு மணி நேரம். ஏப்ரல் மே மாதத்தில் அது மறுநாள். என் வீட்டுக்காரர் சத்தியநாதன் ரயில்வேயில் நேரம் பார்த்தே வாழ்ந்த மனிதர். அவருக்கு மட்டும் இது கடைசிவரை பழகவில்லை. "பாய் வர்ற அஞ்சு நிமிஷமா, ஊர்ல இருக்கிற அஞ்சு நிமிஷமா?" என்று கேட்பார். பாய் சிரிப்பார், ஆனால் மாறமாட்டார்.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்த காலையில் மட்டும் அவர் அஞ்சு நிமிஷத்துக்குள் வந்தார். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்து நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அப்போது மாடி இல்லை. பாய் மதில் மேல் ஏணியைச் சாய்த்து, ஏசி யூனிட்டை மேலே ஏற்றும் கயிற்றை என் இடுப்பில் கட்டினார்.  விழுந்துவிடுவேன் என்று சொன்னேன்.

"ரெண்டு டன் ஏசியே தூக்குனவன் டீச்சர். நீங்க பார்த்தா ஒண்ணரை டன்தான் இருப்பீங்க. ஏறுங்க" என்றார்.

அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டேன். அவர் வீட்டு மாடியில் நான்கு நாள் இருந்தோம். அவர் மனைவி பஷீரா இருந்த அரிசியில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினாள். அவர்கள் மகள் சோயா அப்போது எட்டு வயதுப் பிள்ளை. என் மடியில் படுத்துத் தூங்கினாள்.

தண்ணீர் வடிந்தபோது எங்கள் எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை எல்லாம் அழுகிப்போயிருந்தன. எங்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்த என் தம்பி ஃபிரெடி, இரண்டு மூட்டிக் கன்றுகளைப் பால் கவரில் மண்ணோடு கொண்டுவந்திருந்தான். நான் சிறு பிள்ளையில் அந்தப் பழத்துக்கு அடித்துக்கொண்டது அவனுக்கு நினைவிருந்தது. இந்த ஊர் வெயிலில் இது பிழைக்காது என்று அவனே சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றைப் பாய்க்குக் கொடுத்தேன். கயிறு கட்டி ஏற்றிய மனிதருக்கு வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலும், மதிலுக்கு இருபுறமும் ஒரு சந்தும் உண்டு. அங்கே வெயில் படாது. மதிலுக்கு இந்தப் பக்கம் என் கன்று, அந்தப் பக்கம் அவர் கன்று, நேருக்கு நேர். நட்டு மூன்று மாதத்தில் இரண்டுக்கும் இலை நுனி கருக ஆரம்பித்தது. நான் வேப்பம்புண்ணாக்கு வைத்தேன், மோர் ஊற்றினேன். பாய் ஒரு நாள் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். வெள்ளையாகப் பொருக்கு இருந்தது. நாக்கில் வைத்தார்.

"போர் தண்ணி உப்பு டீச்சர். பைப்புல உப்பு படிஞ்சா மோட்டாரே செத்துப்போவுது. இது பச்சப் புள்ள."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைப்புகளோடு வந்தார். அவர் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் அறை ஏசிகள், அவர் வீட்டு ஏசி, எங்கள் வீட்டு ஏசி, எல்லாவற்றிலிருந்தும் சொட்டுகிற தண்ணீரை ஒரே பைப்பில் சேர்த்து ஒரு நீல டிரம்மில் விட்டார். டிரம்மிலிருந்து இரண்டு மெல்லிய டியூப். ஒன்று அவர் மரத்துக்கு, ஒன்று மதிலில் ஓட்டை போட்டு என் மரத்துக்கு. ஏசியில் சொட்டுவது காற்றிலிருந்து வடிந்த ஈரம், அதில் உப்பு கிடையாது. இது எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் எனக்குத் தோன்றவில்லை. மரத்துக்கு வேண்டியது மழைத் தண்ணீர். சென்னையில் கோடை முழுவதும் மழைபோல ஒன்று சுவரில் வடிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததை அவர்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு வெயில் ஏற ஏற ஏசி ஓடியது, ஏசி ஓட ஓட மரம் குடித்தது. 2019இல் ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றபோது, அந்தச் சந்தில் மட்டும் இரண்டு மரம் பளபளவென்று புது இலை விட்டுக்கொண்டிருந்தன. மாடிப் பையன்கள் ஊருக்குப் போனால் பாய் கவலைப்படுவார். ஒரு பையன் ஏசி போடாமல் ஃபேனில் தூங்குகிறான் என்று தெரிந்து, உடம்புக்குச் சூடு என்று சொல்லி ஏசி போட வைத்தார்.

ஆறாவது வருடம் பிப்ரவரியில் இரண்டு மரமும் ஒன்றாகப் பூத்தன. மரப்பட்டையிலிருந்து சிவப்பு நூல் நூலாகத் தொங்கும் பூ. என் மரத்தில் அடியில் மட்டும், முழங்கால் உயரத்துக்கு. அவர் மரத்தில் அடியிலிருந்து கிளை பிரியும் இடம் வரை, தண்டு முழுவதும். தெருவில் எல்லோரும் அவர் மரத்தைத்தான் வந்து பார்த்தார்கள். ஆனால் ஜூனில் பழுத்தது என் மரம். அவர் மரத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடமும் அப்படியே.

"தண்ணி என்னுது, பழம் உங்களுது. நல்லா கீது டீச்சர் உங்க நியாயம்" என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "மரமும் உங்களை மாதிரி பாய். பந்தா நெறைய, நேரத்துக்கு வராது."

பழத்தில் பாதியை மதில் வழியாகக் கொடுத்துவிடுவேன். பஷீரா சதையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவாள், தோலை ஊறுகாய் போடுவாள். பல்லாவரத்திலிருந்த பாயின் மாமியாருக்கு மூட்டுவலிக்கு என்று தனியாக ஒரு பை போகும். அந்தம்மா தின்றுவிட்டு, வலி கொஞ்சம் தேவலை என்றார்களாம். பாய் அதை என்னிடம் வந்து வெற்றியோடு சொன்னார்.

இரண்டாவது தடவை பழுத்த அந்த வருடம், மழைக்காலத்துக்கு முன்னால் பாயின் கடை போனது. முடிச்சூர் ரோட்டில் பதினெட்டு வருடமாக வைத்திருந்த கடை. கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். வேறு இடம் தேடி அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுச் சந்திலேயே தகர ஷீட் போட்டுப் பட்டறை வைப்பது என்று முடிவு செய்தார். கேஸ் சிலிண்டர், பழைய யூனிட்டுகள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேஜை, எல்லாம் அங்கேதான் வைக்க வேண்டும். மேஜை வரவேண்டிய இடத்தில் மரம் நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைக் கேட்டார். நான் கொடுத்த கன்று என்பதால் அவருக்கு மனசு வரவில்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அளந்துகொண்டிருந்தார். மரத்தை விட்டுவிட்டு மேஜையைத் திருப்பிப் போட முடியுமா என்று பார்த்தார்.

நான் சொன்னேன்: "அது காய்க்கிற மரம் இல்ல பாய். பொழப்புதான் முக்கியம். வெட்டிடுங்க. என் மரம் ஒண்ணு போதும் ரெண்டு வீட்டுக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அவர் அளக்க வசதியாக டேப்பின் மறுமுனையை மதிலுக்கு மேல் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ரம்பச் சத்தம் கேட்டது. மரத்தின் தலை சரிந்ததைப் பார்த்தேன். பிறகு ஷீட் ஏறி, அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் மறைந்துபோனது.

அடுத்த பிப்ரவரியில் என் மரம் வழக்கம்போலப் பூத்தது. மார்ச்சில் அத்தனையும் சிவப்பு நூலாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. ஜூனில் ஒரு பழம் இல்லை. வெயில் அதிகம் என்று நினைத்தேன். உரம் போதவில்லை என்று நினைத்தேன். பாய் கேட்டபோது, மரங்கள் ஒரு வருடம் ஓய்வு எடுப்பது உண்டு என்று பாடம் வேறு நடத்தினேன்.

அந்த ஜூலையில் சோயாவுக்கு டியூஷன் ஆரம்பித்தேன். பத்தாவது வந்திருந்தாள். சாயங்காலம் ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்காருவோம். தாவரங்களின் இனப்பெருக்கம். பல வருடம் சொல்லிச் சொல்லி வாயே தானாகச் சொல்லும் பாடம். "பனையில ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பனை பூக்கும், காய்க்காது. அதோட மகரந்தத்தைக் காத்து கொண்டுபோய்ப் பெண் பனையில சேர்க்குது. ஆண் மரம் பக்கத்துல இல்லாமப் போச்சுன்னா..."

அதற்கு மேல் வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே என் மரம் நின்றது. அதற்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் ஷீட்.

தண்டு முழுக்கப் பூத்தது ஆண் மரம். அடியில் மட்டும் பூத்தது பெண் மரம். எங்கள் ஊரில் காய்க்காத மரத்தையெல்லாம் விறகுக்கு வெட்டுவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு காய்க்காத மூட்டியை மட்டும் என் அப்பா வெட்டவிடாமல் வைத்திருந்தார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கரும்பலகையில் பனையும் பப்பாளியும் வரைய வைத்தவள், என் கண்ணுக்கு முன்னால் நின்ற இரண்டு மரத்தைப் பார்க்கவில்லை. டேப் பிடித்து வெட்டச் சொன்னேன்.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?" என்றாள் சோயா. ஒன்றுமில்லை, அடுத்த பக்கம் திருப்பு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் பார்த்த திசையைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "போய்ப் பாய்கிட்ட சொல்லிடு. அவரும் சிரிச்சுட்டுப் போயிடுவார்" என்றார். நானும் சொல்லத்தான் போனேன். வாசலிலிருந்தே பார்த்தேன், பாய் புதுப் பட்டறையில் வியர்த்து வழிந்து, மூக்கில் கண்ணாடி சரிய ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் மெல்ல வீட்டைத் தேடி வர ஆரம்பித்திருந்த நேரம். தன் கையால் வெட்டியது என் மரத்தின் காய்ப்பை என்று தெரிந்தால் அவர் சிரிக்கமாட்டார் என்று தோன்றியது. பட்டறையைப் பிரிக்கக்கூடத் துணிவார், அப்படிப்பட்ட ஆள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். என் வெட்கமும் அதில் பாதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அடுத்த மாதமானது. அடுத்த வருடமும் பழம் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பாய் பழத்தைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் நிம்மதியடைந்தேன்.

போன வருடம் பிப்ரவரியில், பட்டறையின் பின்பக்க ஷீட்டில் பாய் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். பெரிய ஃபேன், மதிலுக்கு மேலாக எங்கள் பக்கம் பார்த்து. காலை ஆறரைக்கே ஓட ஆரம்பித்துவிடும். பட்டறையில் வேலை நடக்கும் சத்தமே இருக்காது, ஃபேன் மட்டும் ஓடும். அதன் காற்று மரத்தில் மோதி, இலைகள் எந்நேரமும் படபடக்கும். தகரம் அதிரும். அந்த மாதம் என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று டாக்டரிடம் அலைந்துகொண்டிருந்தோம். எனக்குத் தலைவலி. ஒரு காலையில் மதிலருகே போய்க் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். வீட்டில் பட்டறை வைத்தால் பக்கத்து வீட்டில் மனிதர்கள் இருப்பதை நினைக்க வேண்டாமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அது ஒரு தடவைதான்.

அவர் பட்டறையிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். "கேஸ் வாடை போவறதுக்கு டீச்சர்" என்றார். பிறகு என்னையும் என் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர் போல நின்றார். "சரி டீச்சர். ஆஃப் பண்ணிடறேன்" என்றார். ஆஃப் செய்தார். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

அக்டோபர் முதல் வாரத்தில், பள்ளிக்கரணையில் ஒரு மாடி வீட்டில் வேலையை முடித்துவிட்டு இறங்கியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முதல் நாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அஞ்சு நிமிஷத்துல வூட்டுக்கு வந்துடுவேன் சார்" என்றார். என் வீட்டுக்காரர் அவர் காலைத் தடவிக்கொடுத்தார். எனக்கும் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

அவர் போன பிறகு பஷீரா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. நான் தினமும் மத்தியானம் போய் அவளோடு உட்கார்ந்திருப்பேன். பட்டறை பூட்டியே கிடந்தது. பேச்சு பாயைச் சுற்றியே வரும். ஒவ்வொரு நாளும் இந்த மரத்தின் கதையை அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அழுதுகொண்டிருப்பவளிடம் என் குற்றத்தை இறக்கி வைப்பது அவளுக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா என்று தெரியாமல் திரும்பி வருவேன்.

பிப்ரவரி நடுவில் இத்தா முடிந்தது. மறு வாரம் அவள் என்னை அழைத்தாள். மகன் ஜாகிர் பட்டறையை ஒழித்து வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று சொல்கிறானாம். சாமான்களைப் பார்க்கத் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நானும் போனேன். அந்தப் பட்டறைக்குள் நான் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை.

ஷட்டரைத் தூக்கியதும் எண்ணெய் வாடை வந்தது. சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. காதில் வைக்கும் அந்த நீள ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பஷீரா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். நான் மேஜையைப் பார்த்தேன். வைஸ் பொருத்திய கனமான பலகை. அதற்கு முன்பக்கம் இரண்டு இரும்புக் கால். பின்பக்கம் இரும்பு இல்லை. பலகை, இடுப்பு உயரத்துக்கு வெட்டி விட்டிருந்த ஒரு மரத்தண்டின் மேல் பாதி உட்கார்ந்திருந்தது.

அவர் மரத்தை அடியோடு எடுக்கவில்லை. மேஜைக்குக் காலாக நிறுத்தி வைத்திருந்தார். தண்டின் பின்பக்கத்திலிருந்து விரல் கனத்தில் ஏழெட்டுக் கிளைகள் எழுந்து, மேலே அவர் மாற்றியிருந்த கண்ணாடி ஷீட்டின் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்திருந்தன. நீல டிரம்மிலிருந்து வரும் மெல்லிய டியூப் இன்னும் அதன் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மரப்பட்டை முழுவதும், அடியிலிருந்து வெட்டிய வாய் வரை, சிவப்பு நூலாகப் பூ. அதற்கு நேர் பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேனின் சிறகுகளுக்கு நடுவில் என் மரம் தெரிந்தது.

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பஷீராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண் மரம், பெண் மரம், டேப் பிடித்தது, தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது, ஃபேனுக்காகச் சண்டை போட்டது, எல்லாம்.

அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சுவரில் திரும்ப மாட்டினாள். பிறகு சொன்னாள்: "அவருக்குத் தெரியும் டீச்சரக்கா. டியூஷன்ல நீங்க பாதியில நிறுத்திட்டீங்கன்னு சோயா வந்து சொல்லிச்சு. பனை மரம், காத்துன்னு ஏதோ சொல்லிச்சு. அவரு போய் இந்தக் கட்டையப் பார்த்தாரு. பக்கத்துல நாலு இலை விட்டிருந்துச்சு. அன்னிக்கே மேஜைய நகர்த்திட்டு ஷீட்ட மாத்துனாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பஷீரா."

"நானும் கேட்டேன். டீச்சரே சொல்லாம இருக்காங்க, நாம சொன்னா அவங்களுக்குப் பேஜாராயிடும், பழம் வந்தாத் தானா சரியாயிடும்னாரு. ஃபேன ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேட்டதுக்கும் அதேதான். காரணம் சொன்னாத்தானே ஓட்ட முடியும், காரணம் சொல்லக் கூடாதேன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகு அவள் எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். நான்கு மாதத் தூசி பறந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என் மரத்தின் இலைகள் படபடக்க ஆரம்பித்தன. ஜாகிரிடம், வண்டி தெருவிலேயே நிற்கட்டும் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

உயிரியல் ஆசிரியையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பனைக்குத்தான் காற்று வேண்டும். மூட்டிப் பூவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது எறும்பும் சின்னப் பூச்சிகளும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அதில் வேலை இல்லை, அவ்வளவு காற்றில் பூச்சிக்குத் தொந்தரவாகக்கூட இருக்கலாம். நான் சோயாவுக்குப் பனையை உதாரணம் சொன்னதால்தான் பாய் காற்றை நம்பி ஃபேன் வைத்தார். அவருடைய தவறும் என் வாயிலிருந்து போனதுதான். போன வருடம் ஃபேனை நிறுத்தச் சொன்னதால் பழம் வராமல் போகவில்லை, அந்தக் கட்டையில் அப்போது பூ போதாமல் இருந்திருக்கும். அறிவுக்கு இது தெரிகிறது.

மார்ச்சில் பூ உதிர்ந்தது. ஆனால் எல்லாமும் உதிரவில்லை. நூலில் கடுகு போல ஒட்டிக்கொண்டிருந்தது மிளகானது, சுண்டைக்காயானது. நான் தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்று மறுபடி எண்ணினார். ஜூனில் அடிமரத்தைச் சுற்றி, தரையை ஒட்டி, ஒரு கூடைப் பழம். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு.

முதல் கொத்தை அறுத்து மதில் வழியாகப் பஷீராவிடம் கொடுத்தேன். கல்லூரியில் சேரவிருந்த சோயா ஒன்றைப் பிளந்து வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புளிப்பைத் தாங்கினாள். அவள் அப்பாவும் அப்படித்தான் ஒரு கண்ணை மூடுவார். பல்லாவரத்துப் பாட்டிக்கு என்று பஷீரா ஒரு பையில் தனியாக எடுத்துவைத்தாள். மூட்டுவலிக்கு. நான் ஒன்றும் விளக்கவில்லை.

அவர் சொன்னபடியே பழம் வந்தது, சரியாகிவிட்டது. கர்த்தர் அவரை எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் குடிவைத்ததற்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவருக்கே சொல்ல வேண்டிய நன்றியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் இதை எழுதி வைக்கிறேன்.

பூக்காலம் முடிந்து நான்கு மாதமாகிறது. இருந்தாலும் பஷீரா காலை ஆறரைக்கு எழுந்துபோய் ஃபேனைப் போட்டுவிடுகிறாள். தகரம் அதிர்கிறது. காற்று இதற்கு வேண்டியதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.